உணவுப் பெட்டி: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். வரும் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை, கொட்டாஞ்சேனையில் நம் பாடசாலைக்கு அருகே இயங்கும் உணவு வங்கிக்காக உலர் உணவு சேர்க்கப் போகிறோம். பிள்ளைகள் இதை ஏற்கனவே வீட்டில் சொல்லியிருப்பார்கள், பாதி சரியாகவும் பாதி பிழையாகவும். நேற்றுக் காலை வாயிலில் ஒரு தாய், "ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசி கட்டாயமாம், உண்மையா சேர்?" என்று கேட்டார். இல்லை. எதுவும் கட்டாயமில்லை.

சென்ற முறை நான் விட்ட பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிகம் சேர்க்கும் வகுப்புக்கு வெற்றிக் கிண்ணம் என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தேன். வகுப்புக் கதவு ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. கொண்டுவந்தவர் பெயருக்கு நேரே நட்சத்திரம். சாமான் குவிந்தது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை இரண்டு பைக்கற் பருப்போடு வந்தது. அடுத்த கிழமை, உணவு வங்கியில் உணவுப் பொதி பெற நின்றவர்களின் வரிசையில் அந்தப் பிள்ளையின் தாயைக் கண்டேன். நட்சத்திரம் கிடைக்கவில்லை என்று பிள்ளை இரண்டு இரவு அழ, கடையில் கடன் சொல்லி அந்தப் பருப்பை வாங்கி அனுப்பியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் காணாதவன் போல நடந்துவிட்டேன்.

ஆகவே இம்முறை கிண்ணம் இல்லை, அட்டை இல்லை, வகுப்புக் கணக்கும் இல்லை. காவலாளி அறைக்குப் பக்கத்திலும் நூலகத் தாழ்வாரத்திலும் மூடிபோட்ட பெரிய பெட்டிகள் இருக்கும். பிள்ளை வரும் வழியில் போட்டுவிட்டுப் போகலாம். அல்லது போடாமலே போகலாம். யார் கொண்டுவந்தார், யார் கொண்டுவரவில்லை என்று வகுப்பில் கேட்கக் கூடாது என ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் தயவுசெய்து பெட்டியோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். பொதி வாங்கும் வீடுகளில் சில நம் பிள்ளைகளின் வீடுகள்.

2022 நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், அதாவது ஒரு வருடத்துக்குமுன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபாய். பிறகு பணவீக்கம் இறங்கியது என்று செய்தியில் கேட்டோம். அது விலை ஏறும் வேகம் குறைந்த கதை. ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. மாதச் சம்பளக்காரர் எப்படியோ சமாளிக்கிறோம். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளிக்கு, இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் மூன்றாம் நாள் அடுப்பு மூட்டுவதே யோசனைதான்.

கொழும்பில் சோறு போடுவது புதிய காரியமா என்ன? வெசாக்குக்குத் தெருவெல்லாம் தன்சல், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி, கோயில்களில் அன்னதானம். ஆனால் அவை நாள் பார்த்து வருபவை. உணவு வங்கி, இவற்றுக்கு நடுவில் வரும் சாதாரண நாட்களுக்கானது. 1967 இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜோன் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய முறை இது: கடைகளில் மிஞ்சுவதையும் மக்கள் தருவதையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்துத் தேவைப்படும் இடத்துக்குப் பிரித்து அனுப்புவது. என் அம்மம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியில் ஒரு பிடியைத் திருப்பி எடுத்துத் தனிப்பானையில் போடுவார். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி கோயிலுக்குப் போகும்.

இனி, என்ன அனுப்பலாம்? உங்கள் வீட்டில் நீங்கள் சமைப்பதையே அனுப்புங்கள். அலுமாரியின் பின்தட்டில் இரண்டு வருடமாகக் கிடக்கும், யாருக்கும் பிடிக்காத சூப் பைக்கற்றுக்கு விடைகொடுக்கும் நாள் இதுவல்ல. (சென்ற முறை அப்படி பதினொரு பைக்கற் வந்தன.)

அரிசிக்கு அடுத்தபடி மிகவும் தேவைப்படுவது மைசூர்ப் பருப்பு. காரணம் எளிது. பொதி வாங்கும் பல வீடுகளில் ஒற்றை மண்ணெண்ணெய் அடுப்புத்தான். பருப்பு ஊறவைக்காமலே கால் மணித்தியாலத்தில் வெந்துவிடும். கொண்டைக்கடலை நல்ல உணவுதான், ஆனால் இரவெல்லாம் ஊறவைத்தாலும் அவிக்க ஒரு மணித்தியாலம் வேண்டும். கடலையைக் கொடுத்துவிட்டால் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்று உணவு வங்கியில் ஓர் அம்மா என்னைக் கேட்டார். பயறு, சோயாமீற், நெத்தலி, டின்மீன், சீனி, தேயிலை, உப்பு, 400 கிராம் பால்மா, மூடி திறக்காத தேங்காய் எண்ணெய் எல்லாம் நல்லவை. டின்மீனை வேறாகக் கட்டுங்கள், மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளுக்குப் போகும் பொதியில் கலந்துவிடக் கூடாது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி டின்கள் வேண்டாம். குழந்தைகளுக்கான பால்மாவும் வேண்டாம், அது வைத்தியர் சொல்லிக் கொடுக்க வேண்டியது. கிளினிக்கில் கிடைத்த திரிபோஷா சத்துமாவை அனுப்பாதீர்கள். யாருக்குக் கொடுத்தார்களோ அவரே சாப்பிடட்டும்.

சமைத்த உணவு எதையும் ஏற்க மாட்டோம். கொழும்பு வெக்கையில் மதியம்வரை அது தாங்காது. காலாவதித் திகதிக்கு இன்னும் மூன்று மாதமாவது இருக்க வேண்டும். டின் உப்பியிருந்தாலோ, விளிம்பில் நசுங்கியிருந்தாலோ, எவ்வளவு விலைகொடுத்து வாங்கியதானாலும் எறிந்துவிடுங்கள். உள்ளே நஞ்சு இருந்தால் மணத்திலோ சுவையிலோ தெரிய வேண்டும் என்பதில்லை.

கடையில் நிறுத்து வாங்கிய அரிசியும் நல்லதே, பைக்கற் என்றில்லை. வண்டு இல்லாமல், ஈரமில்லாமல் இருந்தால் போதும். ஆனால் பையில் என்ன அரிசி என்று எழுதிவிடுங்கள். சம்பாவும் சிவப்பரிசியும் கலந்துபோனால் ஒன்று குழையும், மற்றது வேகாது. பிடியரிசிபோலத் தினம் கொஞ்சமாகச் சேர்த்துத் தர விரும்பும் வீடுகளுக்கும் இதே விதி.

பெட்டிகளைப் பிரிக்கும் வேலை தரம் 10, 11 பிள்ளைகளுடையது. வர்த்தக ஆசிரியரின் மேற்பார்வையில், முதலில் காலாவதியாகும் சாமான் முதலில் வெளியே போகும்படி அடுக்குவார்கள். ஐந்தாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் பெற்றோர் சிலர் பருப்பும் வெங்காயமும் மூட்டையாகவே தருவதாகச் சொன்னார்கள். மிகவும் நன்றி, மூட்டைகளைப் பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டாம், நேரே உணவு வங்கிக்கே அனுப்பிவிடுங்கள். எங்கள் மண்டபத்தில் எலித் தொல்லை இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. பிள்ளைகளின் கையில் காசு கொடுத்தனுப்ப வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கே இந்த மாதம் பொதி தேவைப்பட்டால், வகுப்பாசிரியருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு என் அறைக்கு வாருங்கள், அல்லது ஆலோசனை ஆசிரியையிடம் ஒரு சொல் சொல்லுங்கள். பொதி பிள்ளையின் கையில் வராது. உணவு வங்கியில் சனிக்கிழமை உங்கள் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம். காரணம் கேட்க மாட்டார்கள். சென்ற முறை பருப்பு அனுப்பிய அந்தத் தாய் இதை வாசிப்பார் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஓர் உதவி. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாமான் ஏற்ற ஒரு சிறிய லொறியும் இரண்டு ஓட்டோக்களும் தேவை. ஓட்டோ ஓட்டும் தகப்பன்மார் அரை நாள் தர முடியுமானால், வியாழனுக்குள் அலுவலகத்தில் பெயரைக் கொடுங்கள். எரிபொருள் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
அதிபர்
கொழும்பு 13