சனிக்கிழமை வாத்து வேட்டை: வருபவர்கள் கவனிக்க

வணக்கம் அண்ணன்மாரே, தம்பிமாரே. சனி விடியுமுன் நம்ம தென்னாப்பிரிக்க ஊர் ஸ்டேஞ்சரின் கரும்புத் தோட்டத்துச் சதுப்பில் சந்திப்போம். துப்பாக்கி உரிமம், மாகாண பெர்மிட் இரண்டும் கையில் இல்லாதவர் வண்டியிலேயே உட்கார வேண்டியதுதான். தோட்டக்காரர் எழுதிக் கொடுத்த சம்மதம் என்னிடம் இருக்கிறது.

ஸ்டீல் குண்டு மட்டும் கொண்டு வாருங்கள். சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டை வாத்துகள் சிறுகல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. ஸ்டீல் தூரத்தில் வேகம் இழக்கும், அதனால் 35 மீட்டருக்குள் வந்தால்தான் சுட வேண்டும். சீசன் தொடக்கம், பறவைகள் இன்னும் மிரளவில்லை, தாழ்வாகவே வரும். அவசரம் எதற்கு?

எகிப்திய வாத்து, மஞ்சள் மூக்குத் தாரா சரி. வெள்ளை முகக் குள்ளத்தாராவைத் தொடக்கூடாது. அப்புறம், அடிபட்ட முள்சிறகு வாத்தைப் பார்த்துத் தூக்குங்கள்; சிறகு மடிப்பில் உள்ள முள் கையைக் கிழித்துவிடும். நாணலுக்குள் யாரும் தனியாக இறங்க வேண்டாம், முதலை இருக்கலாம்.