நாம் வந்தது கோப்பிக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். இரண்டு வாரமாக விடாத மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படாதே. போனில் பேசினால் நீ வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு மேல் வரிசை வீட்டு லயத்துப் பையன் வந்திருந்தான், நுவரெலியாவில் ஹோட்டலில் வேலை செய்கிறானே, அவன்தான். கையில் சின்னதாக ஒரு போத்தல். "மாமா, இது இங்கேயே விளைஞ்ச கோப்பியில செஞ்ச லிக்கர். ஒரு வாய் பாருங்க" என்றான். அம்மா முகம் மாறிவிட்டது. சம்பள நாளில் தவறணைச் சாராயக் கடையிலிருந்து சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த இரவுகளை அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. சாராயம் நம் லயங்களைத் தின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான், இருபது வருடமாக அதைத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டேன்.

காரணம் நீதான். போன மாதம் சொன்னாய் இல்லையா, உன் கோப்பிக் கடையில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் "உங்கள் ஊரில் கோப்பி உண்டா" என்று கேட்டார்களாம், நீ "இல்லை, எங்களுடையது தேயிலை" என்றாயாம். அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

தேயிலை பெக்டரியில் டீமேக்கர் தேநீர் ருசி பார்ப்பதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், கரண்டியில் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சுவார், நாக்கு முழுக்கச் சுழற்றுவார், பேணியில் துப்புவார். கோப்பைகளைக் கழுவி அடுக்கியது நான்தான். யாரும் இல்லாத நேரம் நானும் உறிஞ்சிப் பழகினேன். அதே மாதிரி இதையும் அரைக் கரண்டி எடுத்து உறிஞ்சினேன், துப்பவில்லை.

முதலில் இனிப்பு. அதிகம்தான், பாணி மாதிரி உதட்டில் ஒட்டியது. பிறகு நாக்கின் பின்பக்கம் கசப்பு மெதுவாக எழும்பி வந்தது. விழுங்கியதும் நெஞ்சு சுட்டது. அதெல்லாம் அடங்கிய பிறகுதான், மகள், அந்த மணம் வந்தது. அப்பாயி இரும்புச் சட்டியில் கோப்பிக்கொட்டை வறுக்கும்போது லயம் முழுக்கப் பரவுமே, அதே மணம். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் அவர் வைத்திருந்த கோப்பிச் செடி உனக்கு நினைவிருக்காது. மழை பெய்து சில நாளில் கிளை முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். பழம் சிவந்ததும் பறித்து, சாக்கில் காயப்போட்டு, உரலில் குத்தி, கொத்தமல்லி சேர்த்து வறுப்பார். என் வாயில் கடைசிவரை நின்றது அதுதான்.

இந்த லிக்கருக்குக் கொட்டையை ஒன்றிரண்டாக உடைத்துச் சாராயத்தில் நாள்கணக்காக ஊறப்போடுவார்களாம், அடுப்பு கிடையாது. தண்ணீரில் இறங்காத வாசனையும் சாராயத்தில் இறங்கிவிடுமாம். பிறகு வடிகட்டி, சீனிப்பாணி சேர்ப்பது. என்னைக் கேட்டால் சீனியைப் பாதியாகக் குறைக்கலாம். நல்ல கொட்டையை இனிப்பு போட்டு மூடக்கூடாது.

இனி நீ உன் கடையில் சொல்ல வேண்டியது. தேயிலைக்கு முன்பே நாம் இங்கே இருந்தோம். 1824ல் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்டார். பிறகு மலை மலையாகக் காட்டை வெட்டினார்கள். பழம் பறிக்க நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1867ல் கண்டிக்கு ரயில் வந்ததே முக்கியமாகக் கோப்பி இறக்கத்தான். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1869ல், இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் தெரிந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதே மண்ணில் தேயிலையை நட்டார்கள். செடிதான் மாறியது, கூடை நம் முதுகிலேயே இருந்தது.

அதனால் அடுத்த முறை கேட்டால் "எங்களைக் கொண்டுவந்ததே கோப்பிதான்" என்று சொல்.

போத்தலின் லேபிளில் மலை இருக்கிறது, பங்களா இருக்கிறது. கூடையோடு ஓர் ஆள்கூட இல்லை. அதைப் பார்த்தபோது மனசு வலித்தது.

மிச்சத்தை அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவள் பயம் நியாயமானது, நானும் கேட்கப்போவதில்லை. நீ தீபாவளிக்கு வரும்போது உன் கடைக் கொட்டையில் கால் கிலோ கொண்டு வா, அரைக்காமல். அப்பாயியின் சட்டி இன்னும் இருக்கிறது. பையன் வீட்டுக்குப் பின்னால் உள்ள செடியில் பறித்ததையும் வறுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா