கோழிக்குச் சளி: மருந்துக்கு முன் நோயை அறிவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பர்மாவில் பெகு, தட்டோன், மௌல்மீன் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். மழை பிடித்துவிட்டால் அவற்றில் ஒன்றிரண்டு தும்பத் தொடங்கும். உடனே மனிதருக்கு விற்கும் மாத்திரையை வாங்கிப் பொடித்துத் தண்ணீரில் கலந்து வைத்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் கோழிகளைக் காப்பாற்றவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

மூச்சுத்திணறல் தனி ஒரு நோயன்று, பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். கோழிகள் அடைந்தபின் கூட்டருகே பேசாமல் சற்று நின்றால், பகலில் காதில் விழாத கொரகொரப்பு தெளிவாகக் கேட்கும். அந்தக் கோழியை எடுத்து, கைவிளக்கு வெளிச்சத்தில் கண், மூக்கு, வாய் என வரிசையாகப் பார்க்க வேண்டும். கண்ணோரத்தில் சோப்பு நுரை போல நுரை கட்டி, கொரகொரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோயாக இருக்கலாம். முகம் வீங்கி, கண் மூடி, மூக்கொழுக்கில் அழுகல் வாடை அடித்தால் கொரைசா என்னும் பாக்டீரியா நோயைச் சந்தேகிக்க வேண்டும். வாய்க்குள் மஞ்சள் படலம் ஒட்டியிருப்பது அம்மையாகலாம். சளியே இல்லாமல் கழுத்தை நீட்டி நீட்டி வாயைப் பிளக்கும் குஞ்சுக்கு மூச்சுக்குழலில் சிவந்த புழு இருக்கக்கூடும். அந்தப் புழு மண்புழு வழியாகவும் பரவும். பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, அடுத்தடுத்து மடிந்தால் அது பெரும்பாலும் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சலே.

மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் என்னும் வெளியுறை கிடையாது. ஆதலால் செல்சுவரைக் குலைத்து வேலை செய்யும் பெனிசிலின், அமாக்சிசிலின் வகைகள் அதனிடம் பலிப்பதில்லை. டைலோசின், டாக்சிசைக்கிளின் போன்றவை பயன்படும். அவற்றையும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவிலும் நாட்கணக்கிலும் கொடுத்து, அவர் குறிக்கும் நாள்வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணாமல் இருக்க வேண்டும். புழுவுக்கு வேண்டியது புழுநீக்க மருந்து. வெள்ளைக்கழிச்சலும் அம்மையும் வைரஸால் வருபவை என்பதால், எந்த ஆண்டிபயாட்டிக்கும் அவற்றைத் தீர்க்காது.

தேறிய கோழியிடமும் கவனம் வேண்டும். கொரைசாவிலும் நாள்பட்ட சுவாச நோயிலும் பிழைத்தவை கிருமியைச் சுமந்தே திரியும். பின்னது முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அத்தகைய கோழியின் முட்டையை அடைவைப்பதும், குணமாகிவிட்டதென்று சொல்லிச் சந்தையில் விற்பதும் அடுத்த வீட்டாருக்குச் செய்யும் தீங்கு என்பது என் உறுதியான கருத்து. வாங்கி வந்த கோழியையும் குறைந்தது இரண்டு வாரமாவது தனியே கட்டி வைத்துப் பார்ப்பது நல்லது.

மழைக்குப் பயந்து கூட்டைத் தார்ப்பாயால் முழுக்க மூடிவிடுவதும் கேடு. நனைந்த எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா மூச்சுப்பாதையை அரித்து, கிருமிக்கு வழி திறக்கிறது. குனிந்து பார்க்கும் நமக்கே கண் எரிந்தால், இரவெல்லாம் அதற்குள் இருக்கும் கோழியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2006 மார்ச்சில் மாண்டலேப் பகுதியில் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. ஆகவே பல கோழிகள் திடீரென மடிந்தால், அவற்றை வெறுங்கையால் தொடாமலும் அறுத்துச் சமைக்காமலும் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க, வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்து உண்டு. ஒரு கண்ணில் ஒரு சொட்டு, குஞ்சுக்கும் பெரிய கோழிக்கும் அதே அளவு. நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ஒரு குப்பி ஒரு வீட்டுக் கோழிகளுக்கு மிக அதிகம், திறந்தபின் நெடுநாள் வைக்கவும் முடியாது. ஆகையால் நோய் காணாத காலத்திலேயே ஒரு நாளைக் குறித்து, தெரு முழுவதற்கும் சேர்த்து மருந்து வாங்கிப் போட நம் கோயில் நிர்வாகத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் முன்வருமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கோழி வளர்க்கும் வாசகர்,
தட்டோன், பர்மா