சமவெளியில் வான்கோழி: மாமாவுக்கு ஒரு கடிதம்

கியர்னி, நெப்ராஸ்கா, அமெரிக்கா
மார்ச் கடைசி வாரம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? "ஒரு கோழியைச் சுட இத்தனை ஏற்பாடா?" என்று போனில் சிரித்தீர்களே, இங்கே காட்டு வான்கோழி வேட்டைக்கு ஏன் அத்தனையும் வேண்டும் என்று ஆற அமரப் பதில் எழுதுகிறேன்.

1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் நம்மூரில் கவுதாரிக்குக் கண்ணி வைத்தாலே வழக்கு. இங்கே வேட்டைச் சீட்டை மாநில அரசே விற்கிறது. ஆனால் விசாவில் வந்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. நண்பனின் துப்பாக்கிதானே என்று வாங்கிப் பார்ப்பதும் கூடாது. வசந்தகாலச் சீட்டில் சேவலையும், அபூர்வமாக நெஞ்சில் தாடி முளைத்த பெட்டையையும் மட்டும் சுடலாம். ஏப்ரலில் பெட்டைகள் பெரும்பாலும் அணைந்து முட்டையிடத் தொடங்கிவிடும், அதனால் சேவல் குறைந்தாலும் குஞ்சு குறையாது என்பது கணக்கு. ரைபிள் கூடாது. ஷாட்கன் (ஒரே தோட்டாவில் நிறையச் சிறு குண்டுகள், அதாவது ரவை, சிதறும் துப்பாக்கி) அல்லது வில்.

அடுத்தது நிலம். நெப்ராஸ்காவில் 97 சதவீதம் தனியார் நிலம், ஆகவே வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் மாடுகள் கன்று போடும் சமயம். மேய்ச்சல் நிலத்துக்காரர் தயங்கினால் அதுதான் காரணம், வற்புறுத்தக் கூடாது. திறந்து கிடந்த கேட்டைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியபடியும் விட வேண்டும். ஈர வயலில் வண்டியை இறக்கினால் மறு வருடம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

கோழியைத் தேடுவது இங்கே மற்ற இடங்களைவிடச் சுலபம், ஏனென்றால் மரம் குறைவு. இரவில் அது தரையில் தங்காது. ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரங்களிலும், 1930-களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட மரங்களிலும்தான் அடையும். சாயங்காலம் ரோட்டோரம் நின்று பைனாகுலரில் பார்த்தால், எந்த மரத்தில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். கோழியே கண்ணில் படாவிட்டாலும் தடயம் பேசும். சேவலின் எச்சம் தூண்டில் முள் மாதிரி வளைந்து நீளமாக இருக்கும், பெட்டையுடையது உருண்டு சுருண்டிருக்கும். மணல் பாதையில் காலடித் தடத்துக்கு இருபுறமும் விளக்குமாற்றுக் குச்சியால் கீறியது போல இணைகோடுகள் தெரிந்தால், சேவல் இறக்கையைத் தொங்கவிட்டு அங்கே ஆடியிருக்கிறது என்று அர்த்தம். கோடு இன்றைக்குப் போட்டதா என்று பார்க்க வேண்டும். இங்கே அடிக்கும் காற்றில் நேற்றைய கோடு நிற்காது.

துப்பாக்கியை வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும். பெரும்பாலும் 12 கேஜ் (குழலின் அகல அளவு), 3 அங்குலத் தோட்டா, ரவை அதிகம் பரவாமல் இருக்கக் குழல் நுனியைக் குறுக்கும் இறுக்கமான சோக். உடம்பில் சுடுவதில்லை, தலையும் கழுத்தும்தான் குறி. பெரிய அட்டையில் 10 அங்குல வட்டம் வரைந்து 40 கஜத்திலிருந்து சுட்டால், வட்டத்துக்குள் 100 ரவையாவது விழ வேண்டும். விழாவிட்டால் தோட்டாவையோ சோக்கையோ மாற்ற வேண்டும், அல்லது 30 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். 20 கஜத்திலும் ஒருமுறை சுட்டுப் பார்ப்பது அவசியம். அங்கே ரவை கொத்தாகப் போவதால், கிட்டத்தில் வந்த கோழியைத் தவறவிடுவதுதான் அதிகம். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கொஞ்சம் தூக்கினாலும் ரவை மேலே போய்விடும். இன்னொரு வில்லங்கம், வெட்டவெளியில் தூரம் ஏமாற்றும். ஒப்பிட ஒன்றும் இல்லாததால் 60 கஜம் 40 போலத் தெரியும். உட்காரும் இடத்திலிருந்து காலால் அளந்து, 40-இல் ஒரு குச்சி நட்டுவிடுவது நல்லது.

இனி அழைப்பு. உங்களுக்குக் கவுதாரி பழக்கம் உண்டு, ஆனால் இதில் ஒரு தலைகீழ் இருக்கிறது. இயற்கையில் சேவல் கூவும், பெட்டை அதைத் தேடிப் போகும். நாம் பெட்டைக் குரல் கொடுத்துச் சேவலை வரச் சொல்கிறோம். அது பாதி தூரம் வந்து, குரல் வந்த இடத்தைக் கண்ணால் துழாவும். காட்டில் புதர் மறைக்கும். இங்கே மொத்தமும் தெரியும். பெட்டை இல்லையென்றால் 70 கஜத்தில் நின்றபடி ஆடிவிட்டுத் திரும்பிவிடும். அதனால் மேட்டுக்குப் பின்சரிவில் உட்கார வேண்டும். சேவல் மேட்டின் விளிம்பில் தலை நீட்டும்போதே சுடும் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

மேடு கிடைக்காத இடத்தில் மற்றவற்றை இழுக்கப் பார்வைக் கவுதாரி வைப்பது போல ரப்பர் பெட்டை ஒன்றும், இளம் சேவல் ஒன்றும் 20 கஜத்தில் நடுவார்கள். காற்றில் அது காற்றாடி போலச் சுற்றினால் நிஜக் கோழி ஓடிவிடும். வால் பக்கத்தில் இருபுறமும் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு குச்சி குத்தினால் போதும், லேசாக ஆடும், சுற்றாது. குரலுக்குக் காற்று நாளில் மூடியைப் பெட்டியில் உரசிப் பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டி அழைப்பான்தான் எட்டும். எண்ணெய்ப் பசையில்லாத சாக்கட்டி தேய்க்க வேண்டும். நடக்கும்போது மூடி கீச்சிடாமல் இருக்க ரப்பர் பேண்டு. குச்சியால் உரசி ஒலி எழுப்பும் ஸ்லேட் அழைப்பானில் விரல் பட்டால் எண்ணெய் ஏறி வழுக்கும், உப்புத்தாளால் உரச வேண்டும்.

உடையில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஒரு நூல்கூட வெளியே தெரியக் கூடாது. அவை சேவல் தலையின் நிறங்கள், இன்னொரு வேட்டைக்காரன் சுட்டுவிடுவான். முதுகைவிட அகலமான மரத்தில் சாய வேண்டும். யாராவது வந்தால் கையசைக்காமல் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். ரப்பர் கோழியைப் பைக்குள் வைத்துத்தான் சுமக்க வேண்டும். காலையில் பனி, மதியம் வியர்வை, ஆகவே அடுக்கடுக்காக உடை. உண்ணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை உடையில் அடித்துக் காயவைத்து உடுத்துவார்கள், தோலில் அல்ல. மருந்து காயாமல் ஈரமாக இருக்கையில் பூனைக்கு அது விஷம். புல்லில் கை வைக்கும் முன் கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

விடிய ஒன்றரை மணி இருக்கும்போதே, டார்ச் அடிக்காமல், அடையும் மரத்துக்கு 200 கஜம் தள்ளி உட்கார்ந்துவிட வேண்டும். சேவல் மரத்தில் இருக்கையில் நாம் ஓயாமல் கூப்பிட்டால் அது அங்கேயே நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும், இறங்காது. இரண்டு மெல்லிய குரல் போதும்.

நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்துவிடும், விட்டால் சக்கையாகும். கால் நரம்பாக இருக்கும், குக்கரில் நன்றாக விசில் விட்டு, எலும்போடு மிளகுக் குழம்பு வைத்தால் தேறும். ரவை பல்லில் மாட்டாமல் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தொடையை உப்புக்கண்டம் போடலாமா என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். வெயில் போதாது, காற்றுக்குப் பஞ்சமில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகன்