பாசியின் மைட்டோகாண்ட்ரியா: படிவு பச்சையாக இருந்தால்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) புரத ஆய்வுக்கு, செம்பனை அடிமரத்துப் பாசியைச் சுரண்டி எடுக்க ஆறாம் படிவ மாணவர்கள் நினைத்தால், வேண்டாம். அதில் பூஞ்சை கலந்திருக்கும். எந்தப் புரதம் எதனுடையது என்றே தெரியாது.

ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் என்ற, ஆய்வகங்களில் வளர்க்கும் நிலப்பாசியை அகாரில் கிருமியின்றி வளர்த்து, ஏழு நாள் இளம் இழைகளை 0.3 மோலார் சுக்ரோஸ் கரைசலில், 4 பாகைக் குளிரில் மென்மையாக அரைக்க வேண்டும். 2,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல் 2,000 மடங்கு) சுழற்றினால் பசுங்கணிகம் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பு) பெரும்பாலும் அடியில் தங்கும். மேல்நீரை 15,000 ஜியில் சுழற்ற மைட்டோகாண்ட்ரியா படியும். படிவு பச்சையா? அரைத்தது அதிகம்; உடைந்த பசுங்கணிகச் சவ்வும் சேர்ந்துவிட்டது. பெர்கால் என்ற, அடர்த்தி வேறுபடும் திரவ அடுக்கில் பிரித்தே தீர வேண்டும்.

இப்பாசியின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆர்.என்.ஏ திருத்தம் (மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏவின் எழுத்தைச் செல் மாற்றுவது) 11 இடங்களில்தான்; பூக்கும் செடிகளிலோ நூற்றுக்கணக்கில். திருத்தும் புரதம் ஒன்றை நீக்கி, எந்த இடத்துத் திருத்தம் கெடுகிறதென்று பார்க்க இதைவிட அருமையான செடி அரிது.

உயிரியல் ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட்