பத்தரிடம் கொடுத்த சங்கிலி

செல்லூர், மதுரை.

அன்பு மகனுக்கு,

நலம், உங்கள் இருவரின் நலமறிய ஆவல். கைப்பேசியில் நீ எதற்கும் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவதால், கடிதமாகவே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறன்று காணொளியில் பேசியபோது மருமகள் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். சித்திரை வெயிலில் சென்னையில் அவ்வளவு குளிரா என்று உன் அம்மா பிறகு என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு "மிஸ்ஸியம்மா" பார்த்தோம். 1955-இல் எல். வி. பிரசாத் இயக்கிய படம். சிறுவயதில் நீ தங்கவேலு துப்பறியும் கூத்துக்கு விழுந்து விழுந்து சிரித்த அதே படம்தான். வேலையில்லாத ஜெமினி கணேசனும், குடும்பக் கடனை அடைத்தே தீர வேண்டிய சாவித்திரியும், படித்த தம்பதியர்தான் ஆசிரியர்களாக வேண்டும் என்ற ஜமீன்தாரின் விளம்பரத்தைப் பார்த்து, கணவன் மனைவியாக நடித்து அந்த வேலையில் சேருகிறார்கள். இத்தனை வருடம் அதை வெறும் சிரிப்புப் படமாகவே பார்த்துவந்த எனக்கு, இம்முறை ஒன்று உறுத்தியது. அவர்கள் ஊரையே ஏமாற்றினார்கள். ஆனால் கையில் காசில்லை என்பதை மட்டும் ஒருவரிடம் ஒருவர் மறைக்கவில்லை. தாலி கட்டாத அந்த இருவருக்குள் இருந்த அந்த நேர்மை, தாலி கட்டிய எனக்கு இருந்ததில்லை.

இருபத்தெட்டு வயதில் சென்னையில் சொந்தமாக வீடு வாங்கியவன் என்று உன்னைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். தவணை எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள் என்று கல்யாணத்தன்றே சொன்னேன். ஏ.சி. ஓடாத மாதம் ஒன்று இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அந்தப் படத்தின் கடைசியில் சாவித்திரி ஜமீன்தாரின் தொலைந்துபோன மகள் என்று தெரியவந்து எல்லாம் சரியாகிவிடும். நம் வீட்டில் அப்படித் தொலைந்தவர்கள் எவரும் இல்லை. ஆகையால் நோட்டில் எழுது.

எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம், நான் வேலை பார்த்த பஞ்சாலையில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. உன் தாத்தா போட்ட இரண்டு பவுன் சங்கிலியில் கண்ணி விட்டிருக்கிறது, பற்றவைக்கப் பத்தரிடம் கொடுத்திருக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்தேன். வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கிப்போனது. "பத்தர் தந்துவிட்டாரா?" என்று அவள் நான்கைந்து முறை கேட்டாள், அதன்பின் கேட்பதை விட்டுவிட்டாள். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்த என்னை என்னவென்று சொல்வது?

படத்தில் நிலவிடம் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிப் பாடும் காட்சி வந்தபோது, முப்பத்தெட்டு வருடம் கழித்து அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடகுச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டீர்கள். காயவைத்து உங்கள் பெட்டியில் வைத்ததே நான்தான்" என்றாள்.

உன் வீட்டில் துணி துவைப்பது யார் என்று எனக்குத் தெரியாது. வைகாசி பிறந்ததும் இருவரும் சேர்ந்து வாருங்கள்.

அப்பா