இளங்கோவுக்கு: ரெட் டாட் விஷயமாக

சேலம்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பன்றி வேட்டைக்கு உன் ரிவால்வரில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் சைட்) வைக்கலாமா, வைத்தால் எது என்று கேட்டிருந்தாய். துப்பாக்கியைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. பாலிடெக்னிக் நாளில் அணுகுண்டுத் திரியைக் கொளுத்த என்னை அனுப்பிவிட்டு நாலு வீடு தள்ளிப் போய் நிற்பவன் நீ. இப்போது பெரிய வேட்டைத் தோட்டா போடும் .454 கசூல் ரிவால்வர் வாங்கி வைத்திருக்கிறாய்! தங்கச்சி என்ன சொன்னாள்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாயே.

இங்கே எல்லோரும் நலம். ஏற்காடு நாகலூரில் மச்சான் தோட்டத்துக்கு இந்த முறை மழை நேரத்தில் கிடைத்து, காபி ஒரே சமயத்தில் பூத்தது. காட்டெருமைத் தொல்லைதான் தாங்கவில்லை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசைக்குள் ராத்திரி வந்து நின்றால் விடிந்த பிறகும் நகர்வதில்லை. ஆள்கள் வேலைக்கு இறங்கப் பயப்படுகிறார்கள். கீழே அடிவாரத்தில் காட்டுப்பன்றி மரவள்ளிக் காட்டைக் கிளறிப் போடுகிறது. உங்கள் டெக்சாஸ் மாதிரி இங்கே யாரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. 1972 வன உயிரினச் சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று அரசு அனுமதித்தது. விவசாயி சுடக் கூடாது. அதுவே சரி என்பது என் கட்சி. நம் ஊரில் ராத்திரி தண்ணீர் கட்ட டார்ச்கூட இல்லாமல் காட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்!

உன் கதை வேறு. அங்கே அந்தப் பன்றி ஸ்பானியர் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு சுடுவதற்கு வேட்டை லைசன்ஸ்கூட வேண்டாம் என்று 2019-ல் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். சரி, சுடுவது என்று ஆகிவிட்டால் முதல் குண்டிலேயே விழ வேண்டும். காயத்தோடு புதருக்குள் ஓடவிடுவது பாவம், பின்னாலேயே தேடிப் போகிற உனக்கும் ஆபத்து. அதனால்தான் நீ கேட்ட நாலு வரிக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ரெட் டாட் வைப்பதா வேண்டாமா என்பதில் எனக்கு யோசனையே இல்லை. வைத்துவிடு. நம் வயதுக் கண்ணுக்குப் பின் சைட், முன் சைட், பன்றி என்று மூன்று தூரத்தை ஒரே நேரத்தில் தெளிவாகப் பிடிக்க முடியாது. ஒன்று தெளிந்தால் மற்ற இரண்டும் மங்கும். ரெட் டாட்டில் ஒரு சின்ன எல்இடி வெளிச்சத்தைப் பூச்சு போட்ட கண்ணாடி திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்கு அந்தப் புள்ளி தூரத்தில் இருப்பதுபோலவே தெரியும். பன்றியைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் வந்து உட்காரும். கைத்துப்பாக்கி ஸ்கோப்பில் (தொலைநோக்கிச் சைட்) கண்ணை ஒரு குறிப்பிட்ட தூரத்தில் நேராக வைத்தாக வேண்டும். இதில் அந்தத் தொல்லையும் இல்லை.

உன் மருமகன் எடுத்த எடுப்பில் எந்த பிராண்டு என்று கேட்கிறார். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். துப்பாக்கி வியாபாரம் எனக்குத் தெரியாது, ஸ்க்ரூ தெரியும். சூரமங்கலம் பட்டறையில் லேத்தோடு கழித்த காலத்தில் நான் பார்த்தவரை, அதிர்கிற இயந்திரத்தில் முதலில் போவது இணைப்புதான். ரைஃபிள் கிளப்பில் பையன்கள் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஏர் ரைஃபிள்தானே, என்ன உதைத்துவிடும் என்று நினைப்பு. பிஸ்டன் முதலில் ஒரு பக்கமும் உடனே மறுபக்கமும் உதறுவதால் நல்ல ஸ்கோப்பே உள்ளே கழன்று போய்விடும். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் பலவற்றை நானே கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூத் தலை பளபளவென்று புதிதாக இருக்கும், அடியில் மரை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும்.

உன் ரூகர் சூப்பர் ரெட்ஹாக் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) குண்டை வினாடிக்கு 1600 அடி வேகத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள். வழக்கமான .44 மேக்னம் தோட்டாவோடு ஒப்பிட்டால் உதை சுமார் இரண்டு மடங்கு. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லி வினாடிகூட இல்லை. அதற்குள் துப்பாக்கி பின்னால் பாயத் தொடங்கிவிடுகிறது. ராத்திரி ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்: அந்த நேரத்தில் மேலே மாட்டிய பொருள் தாங்குவது சராசரியாகவே தன் எடையைப்போல 800 மடங்கு. 35 கிராம் சைட் என்றால் அதன் ஸ்க்ரூக்களை 28 கிலோ இழுக்கும். 100 கிராம் என்றால் 80 கிலோ. வளையத்தோடு 300 கிராம் ஸ்கோப் என்றால் 240 கிலோ. தோராயக் கணக்குத்தான், ஆனால் போக்கு எப்படி என்று புரிகிறதல்லவா? சைட்டின் சொந்த எடைதான் அதற்கு எமன். கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்று உன் மருமகன் சொல்வதை நம்பாதே.

அடுத்தது இழுக்கும் திசை. துப்பாக்கி பின்னால் பாய்கிறது, சைட் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஆகவே ஸ்க்ரூவைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை அது. ஸ்க்ரூவின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே. குறுக்கு விசையைத் தாங்க முளையோ படியோ வேறாக இருக்க வேண்டும். ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் என்ற ரெட் டாட்டின் அடியில் இதற்கென்றே இரண்டு குழிகள் உண்டு. நல்ல பேஸில் (சைட்டைத் துப்பாக்கியோடு இணைக்கும் அடித்தட்டு) அவற்றுக்குப் பொருத்தமான இரண்டு முளைகள் நிற்கும். பேஸை வாங்கியதும் ஸ்க்ரூ போடாமல் சைட்டை வெறுமனே உட்காரவைத்து, கட்டைவிரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார். துளி ஆட்டம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடு.

இணைப்பு எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது. பிகாட்டினி ரெயில் (குறுக்குப் பள்ளம் வெட்டிய பட்டை) மாட்டி, அதன் மேல் அடாப்டர் வைத்து, அதன் மேல் சைட் வைத்தால் மூன்று இணைப்பு, உயரமும் கூடும். உன் ரிவால்வரில் ஒரு வசதி இருக்கிறது. ரூகர் வளையங்கள் கவ்வுவதற்கான பள்ளங்களை ஃபிரேமிலேயே கடைந்திருக்கிறார்கள். உதையை அந்தப் பள்ளமே வாங்கிக்கொள்ளும். அதே பள்ளத்தில் கவ்வும்படி ஒரே கட்டியிலிருந்து கடைந்த பேஸ் தேடி வாங்கு. சில ரிவால்வர்களுக்குப் பின் சைட்டைக் கழற்றிவிட்டு அந்த ஒற்றை ஓட்டையில் நிற்கிற பேஸ் விற்கிறார்கள். உதை குறைந்த சின்ன .22-க்கு அது போதும், உன்னுடையதற்கு வேண்டாம்.

மாட்டும்போது ஓட்டையையும் ஸ்க்ரூவையும் அசிட்டோனில் நன்றாகத் துடை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் லாக்டைட் (மரைப் பசை) பிடிக்காது. நீல நிறம் போதும். சிவப்பைப் போட்டால் பிறகு சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும், சூடு காட்டினால் சைட் காலி. கைக்கணக்கில் முறுக்காதே. பெட்டியில் இருக்கிற தாளில் எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) என்று போட்டிருப்பார்கள், அந்த அளவுக்கு டார்க் டிரைவரில் வை. ஒருநாள் அப்படியே காயவிடு. அப்புறம் தங்கச்சியின் நகப்பூச்சை எடுத்து, ஸ்க்ரூத் தலையிலிருந்து பேஸ் வரைக்கும் ஒரே கோடாக இழு. சுடுகிற இடத்தில் அவ்வப்போது அந்தக் கோட்டைப் பார்த்தாலே போதும். முறிந்து விலகியிருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது. சைட் சரியில்லை, கை சரியில்லை என்று சுட்டுச் சுட்டுத் தேட வேண்டியதில்லை.

புள்ளி அளவைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. 1 எம்ஓஏ என்ற கோண அளவு 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டர். நீ 50 மீட்டருக்குள்தான் சுடப்போகிறாய், 3.25 எம்ஓஏ புள்ளி அங்கே 5 சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் மறைக்கும். பன்றிக்கு உயிர்நிலை ஒரு சின்ன டிபன் தட்டு அளவு இருக்கும். முன்னங்காலுக்குப் பக்கத்தில், நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கும் என்பதை மட்டும் மறக்காதே.

வெளிச்சத்தைக் கையால் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தால் மேல். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை நீ நிற்கிற இடத்து வெளிச்சத்தைத்தான் அளக்கும். மாலையில் நீ மர நிழலில் இருட்டுக்குள் நிற்பாய், பன்றி வெட்டவெளியில் மேயும். அப்போது சைட் புள்ளியைக் குறைத்துவிடும், சரியான நேரத்தில் உனக்குப் புள்ளியே தெரியாது.

எல்இடி வெளியே தெரியும் திறந்த வகையா, எல்லாம் உள்ளே மூடிய குழாய் வகையா என்றும் கேட்டிருந்தாய். மச்சான் தோட்டத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் திறந்ததை வேண்டாம் என்பேன். பகோடா பாயிண்ட் பக்கம் மூடுபனி இறங்கினால் என் பைனாகுலரே அழுகிறது. திறந்த சைட்டில் எல்இடி மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் புள்ளி சிதறிவிடும். உங்கள் சான் அன்டோனியோ பக்கம் அவ்வளவு ஈரம் கிடையாது, சமாளிக்கலாம். அங்கே உனக்கு வேறு ஒன்று காத்திருக்கிறது. ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி உண்டல்லவா, ஒவ்வொரு சுடுதலிலும் அதன் வழியாகப் புகையும் ஈயத்துகளும் மேலே பீறிடும். சைட் அதற்கு நேர்மேலேயோ முன்னாலோ இருந்தால் கண்ணாடியில் கருப்பாகப் படியும். பேஸ் எவ்வளவு பின்னால் வைக்க இடம் தருகிறதோ அவ்வளவு பின்னால் வை. படிந்த கரியைச் சட்டை நுனியால் துடைக்காதே, பூச்சு கீறிவிடும்.

நான் வாங்குவதாக இருந்தால் ஆர்எம்ஆர் டைப் 2, எம்ஓஏ 3.25. பேட்டரியோடு 34 கிராம்தான், உடம்பு 7075 அலுமினியம். ஒரே குறை, பேட்டரி அடியில் இருக்கிறது. மாற்றும்போதெல்லாம் சைட்டைக் கழற்றித் திரும்ப மாட்டி, ஜீரோவை (புள்ளியும் குண்டு படும் இடமும் ஒன்றாக இருப்பதை) சுட்டுச் சரிபார்க்க வேண்டும். அது எரிச்சலாகத் தோன்றினால் லூபோல்ட் டெல்டாபாயிண்ட் ப்ரோ இருக்கிறது, பேட்டரி மேலேயே திறக்கும், ஆனால் கனம் ஆர்எம்ஆரைவிடக் கூட. ஏம்பாயிண்ட் மைக்ரோ எச்-2 குழாய் வகை, அருமையான சரக்கு, ஆனால் மவுன்ட்டோடு 100 கிராமை நெருங்கும். 80 கிலோ கணக்கு ஞாபகம் இருக்கட்டும். மருமகன் பாதி விலையில் பிடித்ததாக நீ எழுதிய சைட்டை அவருடைய .22-ல் மாட்டச் சொல்.

பணம் கொடுக்கும் முன் கடையில் உன் வலக்கண்ணால் பார். புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்தோ நட்சத்திரமாகவோ தெரிந்தால் போனில் அதைப் படம் எடுத்துப் பார். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில், கண் டாக்டர் சிலிண்டர் பவர் என்று எழுதித் தருவாரே, அது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. .454 சிலிண்டரில் .45 கோல்ட் தோட்டாவும் போட்டுச் சுடலாம், உதை பாதிகூட இருக்காது. புள்ளியைச் சட்டென்று பிடித்து, ட்ரிக்கரை மெதுவாக இழுக்கும் பழக்கம் வரும்வரை அதிலேயே ஓட்டு. நேரே .454-ல் ஆரம்பித்தால் கை தானாகச் சுளிக்கப் பழகிவிடும். அப்புறம் எந்தச் சைட் வைத்தும் பயனில்லை. ஆனால் ஜீரோ பண்ணுவது வேட்டைக்குக் கொண்டுபோகும் .454 தோட்டாவிலேயே இருக்கட்டும். குண்டின் எடையும் வேகமும் மாறினால் படும் இடமும் மேலே கீழே மாறும். .45 கோல்ட் சுட்டபின் அறைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவு. அந்தத் தோட்டா குட்டை என்பதால் முன்னால் ஒரு கரி வளையம் படிந்து, .454 உள்ளே போக மறுக்கும்.

தையில் வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு மலைக்கு ஏறலாம். கொண்டை ஊசி வளைவு இருபதும் அப்படியேதான் இருக்கின்றன, நீதான் இந்த முறை வண்டி ஓட்ட வேண்டும். பேஸ் வாங்கியதும் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு. முளை எவ்வளவு உயரம் என்று காலிப்பரில் அளந்து எழுது, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்

பி.கு.: தங்கச்சி கேட்ட மிளகு இரண்டு கிலோ எடுத்து வைத்தாயிற்று. மச்சான் காசு வாங்க மாட்டேன் என்கிறான். நீ ஒன்றும் அனுப்பிவைக்காதே.